காலையில் 3.4, மாலையில் 10.9

1. ஒரே பெயருக்கு இரண்டு தாள்

பிரின்டரிலிருந்து வந்த தாளை எடுத்ததும் பெயரைத்தான் முதலில் பார்த்தேன். ரேவதி, வயது 27. காலையில் இதே பெண் கொடுத்த ரத்தத்துக்கு ஒரு ரிப்போர்ட் கொடுத்திருந்தோம். அதில் ப்ரோஜெஸ்டிரோன் 3.4. இப்போது மாலை ஐந்தரை மணி. கையில் இருந்த தாளில் அதே ப்ரோஜெஸ்டிரோன் 10.9.

திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அந்தத் தனியார் லேபில் நான் இருபத்தொன்பது வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். போன வருடம்தான் வேலையை விட்டேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன். ஒரே நாளில் ஒரே பெண்ணுக்கு இப்படி இரண்டு எண் வந்து பார்த்ததில்லை.

ஆறேழு வருடத்துக்கு முன் நடந்தது இது. ரேவதி காலை ஏழரைக்கே வந்து ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை. கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. மதியம் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். 3.4 குறைவு என்பதால் அவர் தைராய்டும் ப்ரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த நர்ஸ் தனித்தனியாக எழுதாமல், அச்சடித்த சீட்டில் ‘ஹார்மோன் ப்ரொஃபைல்’ என்பதை வட்டமிட்டு மறுபடி லேபுக்கு அனுப்பிவிட்டார். ப்ரொஃபைலில் ப்ரோஜெஸ்டிரோனும் சேர்ந்தே வரும். அதனால் யாரும் கேட்காத அந்தப் பரிசோதனை ஒரே நாளில் இரண்டாம் முறை ஓடியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சினைப்பையிலிருந்து முட்டை வெளியான பிறகுதான் ப்ரோஜெஸ்டிரோன் ஏறும். கரு வந்து ஒட்டிக்கொள்வதற்குக் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தயார் செய்வது அதுதான். அதனால் குறைவாக இருந்தால் ‘இந்த மாதம் முட்டை வெளியாகவில்லை போல’ என்றும், பத்துக்கு மேல் இருந்தால் ‘வெளியாகியிருக்கிறது’ என்றும் நாங்கள் மனதில் ஒரு கணக்கு வைத்திருப்போம். அன்று அந்தக் கணக்குப்படி ரேவதிக்குக் காலையில் முட்டை வரவில்லை, மாலையில் வந்திருக்கிறது.

அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் திரவத்தை மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. இரண்டு டியூபிலும் ரத்தத்திலிருந்து பிரிந்து மீதியிருந்த சீரத்தை மறுபடி ஓட்டினேன். காலை டியூபுக்கு 3.5, மாலை டியூபுக்கு 10.7. மெஷின் தன் பேச்சை மாற்றவில்லை. அப்படியென்றால் டியூப் மாறியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு தடவையும் ரத்தம் எடுத்தது நான். லேபிள் ஒட்டியதும் நான்.

2. “மெஷின் ரிப்பேர்னு சொல்லிடு”

ஓனர் சாரிடம் இரண்டு தாளையும் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“ரெண்டுல ஒண்ணு அந்தப் பொண்ணோடது இல்ல மல்லிகா. காலையில மாத்தினியா, சாயங்காலம் மாத்தினியா?”

“மாத்தலைங்க சார்.”

“அப்ப எப்படி? காலைல வரல, சாயங்காலம் வந்துடுச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்வியா? சிரிப்பாங்க. அப்புறம் ஒரு சீட்டுகூட நமக்கு வராது.”

“இன்னொரு தடவ ரத்தம் எடுத்துப் பாத்துடலாம் சார்.”

“எடு. ஆனா சாயங்கால சாம்பிள முழுசா கேன்சல் பண்ணிடு. மெஷின் ரிப்பேர், ரிசல்ட் வரலன்னு சொல்லிடு. இந்த ரெண்டு நம்பர் வெளிய போகக்கூடாது.”

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. சந்தேகம் வந்தால் மறுபடி ரத்தம் எடுப்பதுதான் முறை. ஆனால் மாலை சாம்பிளில் இன்னொரு விஷயமும் இருந்தது. தைராய்டு பார்க்கும் டிஎஸ்ஹெச் 11.2. இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கேன்சல் செய்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அந்த ரத்தம் ரேவதியுடையது இல்லையென்றால் போகத்தான் வேண்டும். அவளுடையதாக இருந்தால்?

என்ன செய்வதென்று தெரியவில்லை. சொன்னதைச் செய்தேன். ரேவதிக்கு போன் போட்டு, “மெஷின் ரிப்பேர் ஆயிடுச்சும்மா, நாளைக்குக் காலையில ஒரு தடவ வந்து ரத்தம் குடுத்துடு” என்றேன். இருபத்தொன்பது வருடத்தில் நோயாளியிடம் நான் சொன்ன முதல் பொய் அது என்று எழுத ஆசைதான். முதல் பொய் இல்லை. ஆனால் மறக்க முடியாத பொய்.

“இனிமே டெஸ்ட்டே வேணாங்கக்கா” என்றாள் ரேவதி. “காலைல எடுத்த நம்பர போன்ல போட்டுத் தேடினேன். முட்டையே வரலன்னு அர்த்தமாம். வூட்டுல நான் முட்டை வர்ற நாளக் காட்டற கிட் வச்சு யூரின்ல பாக்கறேன். மாசாமாசம் ரெண்டு கோடு வருது. முட்டை வருதுன்னு அது சொல்லுது. வரலன்னு நீங்க சொல்றீங்க. எத நம்பறது நான்? நாளைக்குப் பௌர்ணமி, எங்க வூட்டுக் கடையில நிக்கணும். அது முடிஞ்சதும் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடப் போறேன். அவரு வேற கல்யாணம் பண்ணிக்கட்டும்.”

போனை வைத்துவிட்டாள்.

எனக்குக் கல்யாணமான அடுத்த வருடமே மகன் பிறந்தான். மாதாமாதம் ஒரு எண்ணுக்காகக் காத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. அவர்கள் கையில் தாளைக் கொடுப்பேன், அடுத்தவர் பெயரைக் கூப்பிடுவேன். அவ்வளவுதான் என் வேலை என்று இருந்தேன்.

3. பி நெகட்டிவ்

கேன்சல் பட்டனை அழுத்தப் போனவள் அழுத்தவில்லை. காலை டியூபில் உறைந்திருந்த ரத்தத்திலிருந்து கொஞ்சம் எடுத்து குரூப் பார்த்தேன். பி நெகட்டிவ். மாலை டியூபிலும் பார்த்தேன். அதுவும் பி நெகட்டிவ், நூறில் ஒன்றிரண்டு பேருக்கே இருக்கும் குரூப். அன்று வந்தவர்களின் பட்டியலைப் புரட்டினேன். பி நெகட்டிவ் என்று தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. எல்லாருக்கும் குரூப் பார்ப்பதில்லை என்பதால் அதை முழுச் சாட்சி என்று சொல்ல முடியாது. இருந்தாலும் டியூப் மாறவில்லை என்று மனம் அடித்துச் சொன்னது. மாறவில்லையென்றால் இது என்ன என்று அதே மனம் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். ஓனருக்குத் தெரியாமல்தான். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன பொய் உட்பட. திட்டுவார் என்று நினைத்தேன்.

“ரெண்டுமே அவளோடதா இருக்கலாம் மல்லிகா” என்றார். “ப்ரோஜெஸ்டிரோன் ஒரே சீரா வர்றதில்ல. விட்டு விட்டு வரும். கொஞ்ச நேரம் எறங்கி இருக்கும், அப்புறம் சட்டுனு ஏறும். ஒரே நாள்ல இவ்ளோ வித்தியாசம் வர்றது உண்டு.”

“அப்ப ஒரு தடவ எடுத்துப் பாத்துட்டு முட்டை வரலன்னு எப்படி மேடம் சொல்றது?”

“சொல்லக்கூடாதுதான். அவசரத்துல நாங்களும் சொல்லிடறோம்.” பிறகு அவரே கேட்டார்: “ஆனா டியூப் மாறலன்னு உன்னால உறுதியா சொல்ல முடியுமா?”

“தொண்ணூத்தஞ்சு பங்கு சொல்வேன் மேடம். நூறு சொல்ல முடியாது.”

“அப்ப நாளைக்கே இன்னொரு சாம்பிள் எடு. பீரியட்ஸ் வந்துட்டா இந்த மாசம் ப்ரோஜெஸ்டிரோன் பாக்க முடியாது. டிஎஸ்ஹெச் நெஜமா அவளோடதுன்னா உடனே மருந்து ஆரம்பிக்கணும். அவகிட்ட இருக்கறத இருக்கற மாதிரி சொல்லிடு.”

அவள் வரமாட்டேன் என்கிறாளே என்றேன். “அப்ப நீ போ” என்றார்.

4. எதிர்த்திசையில்

ரேவதியின் புகுந்த வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே. பௌர்ணமி அன்று அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். காஞ்சி ரோட்டில் போலீஸ் தடுப்பு வரைக்கும் ஆட்டோவில் போய் இறங்கினேன். ஒரு கையில் ஐஸ் பாக்ஸ், தோளில் ஊசியும் டியூபும் வைத்த பை. எனக்கு அடி அண்ணாமலை போக அந்த வழிதான் பக்கம். ஆனால் மலை சுற்றுகிற கூட்டம் முழுக்க எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது.

“எதிர்ல சுத்தக்கூடாதும்மா, திரும்பு” என்று ஒரு பெரியவர் கையைக் காட்டினார். “சுத்தலைங்கய்யா, வேலையா போறேன்” என்றேன். இப்படி ஏழெட்டுப் பேருக்காவது பதில் சொல்லியிருப்பேன். நடக்க நடக்க எனக்கே சந்தேகம் வந்தது. போய் என்ன சொல்லப் போகிறேன்? மூன்றாவதாக வரும் எண்ணும் வேறு மாதிரி வந்தால்?

அவர்கள் கடையில் இளநீரும் மோரும் விற்றார்கள். கணவன் குமரேசன் இளநீர் சீவிக்கொண்டிருந்தான். ரேவதி மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ரேவதியின் முகம் மாறியது.

“லேப்லேருந்து வர்றேன். ரேவதிகிட்ட தனியா கொஞ்சம் பேசணும்” என்றேன்.

மாமியார் கத்தியை வைத்துவிட்டார். “இன்னாம்மா தனியா? முட்டையே வர்லன்னு ரிப்போர்ட்ல போட்ருக்காமே. அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே.”

அடுத்தவர் ரிப்போர்ட்டைப் பற்றி நடுரோட்டில் பேசக்கூடாது. ரேவதியே சொன்னாள்: “இங்கயே சொல்லுங்கக்கா. அவங்களும் கேக்கட்டும்.”

சொன்னேன். நேற்று மெஷின் ரிப்பேர் ஆகவில்லை, நான் சொன்னது பொய். இரண்டு தடவை எடுத்ததில் காலையில் குறைவாகவும் மாலையில் நன்றாகவும் வந்தது, அது ஏன் என்று எங்களுக்கே புரியவில்லை. பயந்துபோய் மறைத்தோம். காலையில் வந்த எண்ணை மட்டும் வைத்து முட்டை வரவில்லை என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். தைராய்டில் ஏதோ இருக்கிற மாதிரி தெரிகிறது. அதுவும் உன் ரத்தம்தானா என்று உறுதி செய்ய இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

ரேவதி மோர்ச் சொம்பை டக்கென்று கீழே வைத்தாள்.

“நேத்துலேருந்து நான் சோறு துண்ணலக்கா. தெரியுமா ஒங்களுக்கு? கெட்ட ரிப்போர்ட்ட மட்டும் கையில குடுத்துட்டீங்க. நல்லா வந்தத நீங்க வச்சிக்கிட்டீங்க. நான் துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன். அம்மா வூட்டுக்குப் போறேன், நீ வேற கல்யாணம் பண்ணிக்கோன்னு இவருகிட்ட சொல்லப் போறேன், இன்னிக்கி சாயங்காலம்.”

குமரேசன் அரிவாளோடு அப்படியே நின்றான். “நான் எப்ப வேற கல்யாணம் கேட்டேன்?” என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இளநீருக்குக் காத்திருந்த இரண்டு பேர் அவனையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாமியார், “யாரு சொன்னா அப்படி? நானா சொன்னேன்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டார்.

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஐஸ் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். ஐஸ் அப்படியே இருந்தது. மூடினேன்.

கடைசியில் ரேவதிதான் “உள்ள வாங்க” என்றாள். வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ரத்தம் எடுத்தேன். லேபிளை ஒட்டுவதற்கு முன் அவளையே பெயரைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். பிறகு அவள் எழுந்துபோய் ஒரு பழைய டைரியைக் கொண்டுவந்தாள். கெஸ்ட் ஹவுஸ் டைரி. அதில் மாதவாரியாக இரண்டே தேதி எழுதியிருந்தாள். கிட்டில் இரண்டு கோடு வந்த நாள், அடுத்து மாதவிலக்கு வந்த நாள்.

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“அவங்க கேக்கல. எத்தனாவது நாளுன்னு மட்டும்தான் கேட்டாங்க. நீங்களும் அதான் கேட்டீங்க.”

அதுவும் உண்மைதான்.

5. எட்டு, ஒன்பது, எட்டு

மூன்றாவது சாம்பிளில் ப்ரோஜெஸ்டிரோன் 6.1 வந்தது. முதல் இரண்டு எண்களில் எதோடும் சேரவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் டிஎஸ்ஹெச் 11.6. முந்தின நாள் மாலை வந்த அளவுக்குப் பக்கத்தில். மாலையில் எடுத்தது அவள் ரத்தம்தான் என்று அப்போதுதான் மூச்சு விட்டேன்.

மூன்று எண்களையும் நேரம் போட்டு ஒரே தாளில் எழுதி டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். ஓனர் சாருக்கு விஷயம் தெரிந்ததும், “என் லேப்ப நீ நடத்தறியா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதன் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. டாக்டரம்மாவிடமிருந்து சீட்டு வருவது நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ரேவதிக்கு மாதவிலக்கு வந்தது. டைரியோடு டாக்டரிடம் போனாள். என்னையும் வரச்சொல்லியிருந்தார். அவர் எண்களைப் பக்கத்தில் தள்ளிவைத்துவிட்டு, டைரியில் பேனாவால் தேதிகளை எண்ணினார். கோடு வந்த மறுநாளில் முட்டை வெளியாகியிருக்கும் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து மாதவிலக்கு வரைக்கும். ஒரு மாதம் எட்டு நாள், அடுத்த மாதம் ஒன்பது, மறுபடி எட்டு, கடைசியாக ஒன்பது.

“முட்டை வருதும்மா” என்றார். “வந்ததுக்கு அப்புறம் இருக்கற நாளுதான் கம்மி. இத லூட்டியல் ஃபேஸ்னு சொல்வோம். நெறைய பேருக்குப் பன்னண்டு, பதினாலு நாள் இருக்கும். ஒனக்கு ஒம்பதுல முடிஞ்சுடுது. கரு வந்து ஒட்டறதுக்கே ஏழெட்டு நாள் ஆகும். அது ஒட்டலாமான்னு பாக்கறதுக்குள்ள செவரு உதிர ஆரம்பிச்சுடுது.”

“அப்ப இதான் காரணமாங்க?” என்று ரேவதி கேட்டாள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். “இருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது. இப்படிக் கம்மி நாள் இருந்தும் கொழந்தை பெத்தவங்க இருக்காங்க. இது மட்டுமே காரணமாகுமான்னு டாக்டருங்களுக்குள்ளயே ஒரே பேச்சு இல்ல. ஆனா தைராய்டு கோளாறு இருந்தா இந்த நாள் சுருங்கலாம். அது ஒனக்கு இருக்குன்னு தெளிவா தெரியுது. மொதல்ல அத சரி பண்ணுவோம்.”

ரேவதி என் பக்கம் திரும்பினாள். புரிந்ததா என்று கேட்கிறாளா, புரியவில்லை என்று சொல்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டுமே எனக்கும் பொருந்தும்.

6. எழுதாமல் விட்ட மாதம்

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு மாத்திரை. சில வாரத்துக்கு ஒரு முறை டிஎஸ்ஹெச் பார்க்க லேபுக்கு வருவாள். 11.6 இறங்கி 5.8 ஆனது, பிறகு 2.4. வரும்போதெல்லாம் டைரியையும் காட்டுவாள். ஒன்பது, பத்து, பத்து, பதினொன்று. ஒரு மாதம் திடீரென்று மறுபடி எட்டு. அன்று இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து அந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாத்திரையை ஒரு நாள்கூட விடவில்லை என்றாள். டாக்டரைக் கேட்டபோது, “ஒவ்வொரு மாசமும் ஒரே மாதிரி இருக்காது. விடாம சாப்பிடச் சொல்லு” என்றார். அம்மா வீட்டுக்குப் போகும் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. குமரேசன் கூடவே வந்து வாசலில் நிற்பான்.

கார்த்திகை தீபம் வந்தது. கெஸ்ட் ஹவுஸில் ஒரு அறை காலியில்லை, கடையிலும் கூட்டம். அந்த மாதம் ரேவதி கிட் வைத்துப் பார்க்கவும் இல்லை, டைரியில் எதுவும் எழுதவும் இல்லை. அந்த மாதம்தான் மாதவிலக்கு தள்ளிப்போனது.

பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனைக்கு வந்தாள். நானே ஓட்டினேன். கர்ப்பம் உறுதி. இரண்டு நாள் கழித்து எடுத்ததில் எண் இரண்டு மடங்கைத் தாண்டி ஏறியிருந்தது, அப்படித்தான் ஏற வேண்டும். தாளை அவள் கையில் கொடுத்தபோது அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. “கரெக்டாதானே இருக்கு?” என்று நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் “கரெக்டாதான் இருக்கு” என்றேன். பிறகு வாசலுக்குப் போய்க் குமரேசனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பெண் குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

மாத்திரையால் நாள் கூடி, அதனால் கரு ஒட்டியதா? அந்த மாதம் எத்தனை நாள் இருந்திருக்கும்? டாக்டரம்மாவிடம் ஒரு முறை கேட்டேன். “மாத்திரை ஒதவியிருக்கும்னுதான் நெனைக்கறேன்” என்றார். அதற்கு மேல் அவரும் போகவில்லை. எனக்கு இன்றுவரை அது முழுசாகப் புரியவில்லை.

லேபில் இப்போது வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். ப்ரோஜெஸ்டிரோன் சீட்டு வந்தால் எத்தனையாவது நாள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். முட்டை வெளியான நாள் தெரியுமா, போன மாதவிலக்கு அதிலிருந்து எத்தனை நாளில் வந்தது என்றும் கேட்டு ரிப்போர்ட்டில் எழுதுங்கள். ரத்தம் எடுத்த மணியைப் போடுங்கள். அந்தப் பெண்ணையே லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் சுலபம்.

சுலபமில்லாதது ஒன்று உண்டு. இரண்டு எண்கள் ஒன்றையொன்று மறுக்கும்போது, நல்லதையோ கெட்டதையோ நாமாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டையும் கொடுங்கள். “இது எனக்குப் புரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் கோபப்படுவார். ஆனால் தாங்கிக்கொள்வார். தாங்க முடியாமல் பயந்து நின்றது நான்தான்.